ஏழாம் முளையில் தாழ்ந்த பேனா

ஒரு காட்டில், அதுவும் நாளில் பாதி நேரம் இடுப்பளவு கடலில் நிற்கும் அலையாத்திக் காட்டில், மங்களேஸ்வரி என்ற நீர்நாய் கடலடியில் கிடக்கும் இரும்பைத் தேடும் பணியில் இருந்தாள். மரப்படகின் பின்னால், நீண்ட கேபிளில் கட்டிய காந்தமானியை அவள் இழுத்துச் செல்வாள். அது அனுப்பும் அனலாக் மின்னழுத்தம் படகிலுள்ள பேனாவை அசைக்கும். பேனா, உருளும் காகிதத்தில் கோடு இழுக்கும்.

கழிமுகத்தைக் கடக்கப் புதிய பயணிகள் படகு வரவிருந்தது. குறுக்கே பன்னிரண்டு மரமுளைகள் நடப்பட்டிருந்தன. எந்த முளையை ஒட்டிப் படகு செல்லலாம் என்பதை மங்களேஸ்வரியின் காகிதம் சொல்ல வேண்டும். முதல் ஓட்டம் திங்கட்கிழமை. ஓட்டப் போகிறவன் அவள் கணவன் வரதன், ஏறப் போவது நாற்பது பயணிகள்.

இரும்பு மிகுந்தால் பேனா ஏறும். காகிதமோ ஒரு சாண் அகலம்தான். ஆகவே மேல் ஓரத்தைத் தொட்டதும், வண்டியின் கிலோமீட்டர் எண்கள் நிறைந்தபின் பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல, பேனா கீழ் ஓரத்துக்குக் குதித்து அங்கிருந்து மறுபடி ஏறத் தொடங்கும். அவள் கழிமுகத்தை அளந்த அன்று கோடு மேல் ஓரத்தை ஒட்டியே ஓடியது. ஏழாம் முளையருகே மட்டும் மேலே முட்டி, கீழே குதித்து, அங்கேயே ஊர்ந்து, பிறகு பழைய இடத்துக்குத் திரும்பியது. மனிதர்கள் மறந்துவிட்டுப் போன கப்பல் ஒன்று அங்கே கிடக்கிறது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

துறை மேலாளர் சபாரத்தினம் ஒரு கூழைக்கடா. காகிதத்தை அலகுப் பையின் மேல் விரித்துப் பார்த்தார்.

"முதலில் இதைச் சொல்லுங்கள் அம்மா. இந்தக் கருவியை ஏன் அவ்வளவு தூரத்தில் இழுக்கிறீர்கள்? மடியில் வைத்துக்கொண்டால் கேபிள் மிச்சம்."

"மடியில் வைத்தால் நம் எஞ்சினின் இரும்பைத்தான் அளக்கும், ஐயா."

"அதுவும் இரும்புதானே." அவர் அலகால் ஏழாம் முளையைத் தட்டினார். "பேனா இங்கேதான் மிகத் தாழ்ந்திருக்கிறது. பேனா தாழும் இடமே பாதுகாப்பு என்பது விதி. ஏழாம் முளையையே எழுதிக்கொள்கிறேன்."

"அது தாழவில்லை ஐயா, நிரம்பி வழிந்து கீழே வந்திருக்கிறது. கப்பல் கிடப்பதே அங்கேதான்."

"படிவத்தில் ஏறியது, இறங்கியது என்று இரண்டே கட்டங்கள். வழிந்தது என்று ஒரு கட்டம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்."

அவள் காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினாள். காகிதம் சரியில்லை என்று நினைத்தால் நாளை மறுபடி இழுத்து வரலாம் என்று அவர் பெருந்தன்மையுடன் அனுமதித்தார்.

வீட்டில் வரதன் புதிய தொப்பியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏழாம் முளை வழியாம். நல்ல வழிதானே மங்களம்?"

"தொப்பி கோணலா இருக்கு. வழியை நான் பார்த்துக்கிறேன்."

மறுநாள் அவள் பேனாவுக்கு வரும் இரண்டு கம்பிகளையும் கழற்றி, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொருகினாள். பேனாவின் தொடக்கப் புள்ளியைத் திருகி அமைத்தாள். இனி இரும்பு மிகுந்தால் பேனா இறங்கும், கீழ் ஓரத்தைத் தாண்டினால் மேல் ஓரத்துக்குக் குதிக்கும். பதினெட்டு ஆண்டுப் பணியில் அவள் செய்த முதல் மோசடி அது; அதையும் அளந்துதான் செய்தாள். இப்போது கோடு கீழ் ஓரத்தை ஒட்டி ஓடியது. ஏழாம் முளையில் மட்டும் உச்சிக்குத் தாவி நின்றது.

சபாரத்தினத்தின் அலகுப் பை ஆடியது. "ஏழில் இவ்வளவு இரும்பு. நேற்றே ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன், ஐயா."

"நேற்று நீங்கள் சொன்னீர்கள். இன்று காகிதம் சொல்கிறது." வழியை மூன்றாம் முளைக்கு மாற்றிக் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை அமாவாசை, கடல் வழக்கத்தைவிட நன்றாக வற்றியிருந்தது. நேரான தொப்பியுடன் வரதன் மூன்றாம் முளையை ஒட்டிப் படகைக் கொண்டுபோனான். ஏழாம் முளையருகே துருப்பிடித்த இரும்பு விலா ஒன்று வெளியே தெரிந்தது. அதன்மேல் நீர்க்காகம் ஒன்று சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. நாற்பது பயணிகளும் மேலாளரின் கூர்மையைப் பாராட்டினார்கள். படகுத்துறையில் அவர் பெயருக்கு ஒரு பலகை வைக்கத் தீர்மானமாயிற்று.

மாலையில் மங்களேஸ்வரிக்கு ஒரு கடிதம் வந்தது. முதல் நாள் அளவீட்டில் காட்டிய கவனக்குறைவுக்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம். அவள் பேனாவைத் திறந்து, அழகான கையெழுத்தில் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த அறையில் வரதன் குறட்டை விடுவது கேட்டது. மாற்றிச் சொருகிய கம்பிகளை அவள் அப்படியே விட்டுவிட்டாள்.

நீதி: மேலாளர் தலைகீழாகப் படிப்பவராயின், கம்பியை மாற்றிச் சொருகுவதே நேர்மை, மன்னிப்புக் கடிதத்தை மட்டும் நேராக எழுதுக.