குரோமோசோம் நிமிர்த்தும் சாமி

கழக்கூட்டம் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் முன்னால் காலை ஏழு மணிக்கே வரிசை. பாதிப்பேர் கழுத்தில் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை. புரோகிராமில் ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுவார்கள். சாமியிடம் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மகாராஜா சாமிக்குக் கைரேகையெல்லாம் பழைய சரக்கு. குரோமோசோம் படத்தைக் காட்டினால் போதும், ஞானக்கண்ணால் தோஷத்தைக் கண்டுபிடித்து, குரோமோசோமுக்கு ஒன்றாக நாற்பத்தாறு விளக்கேற்றி நிமிர்த்திவிடுவாராம்!

ஆரியசாலை மிளகாய் மொத்த வியாபாரி தங்கப்பனும் அங்கே போய் விழுந்தார். ஒரே மகள் ஷீஜாவுக்குக் கடும் ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் மருந்து தொடங்கியாயிற்று. "மருந்தை நிறுத்து. நாப்பத்தெட்டு நாள் என் மடத்துல கிடக்கட்டு" என்றார் சாமி. உடனே தங்கப்பன் டிஸ்சார்ஜ் கேட்டு டாக்டரிடம் மல்லுக்கு நின்றார்.

ஷீஜா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் வாறேன்பா. முதல்ல சாமி எனக்க படத்தைப் பார்த்துச் சொல்லட்டு. ரெம்யா கொண்டு வருவா."

ரெம்யா அவள் தோழி. குரோமோசோம் பரிசோதனைக்கூடத்தில் வேலை.

மறுநாள் தங்கப்பனோடு போய், ரெம்யா சாமிமுன் இரண்டு படங்களை வைத்தாள். ஒன்றில் ஷீஜா என்று பெயர்ச்சீட்டு, மற்றதில் ரெம்யா.

ஷீஜா பெயரைப் பார்த்ததும் சாமி நடுங்கினார். "அய்யோ! ஒம்பதாவதை ராகு கடிச்சு வச்சிருக்கான்! முன்ஜென்மப் பாவமாக்கும்!"

தங்கப்பன் தேம்பினார்.

"எனக்குள்ளது சாமி?" என்றாள் ரெம்யா.

"பழுதே இல்ல மோளே. தங்கக்கம்பி!"

ரெம்யா சீட்டுகளைக் கிழித்தாள். "ஷீஜா சொல்லித்தான் பேரை மாத்தி ஒட்டினேன். ராகு கடிச்சது எனக்க படம். எனக்கு ஒரு நோயும் இல்ல. தங்கக்கம்பிதான் ஷீஜாக்குள்ளது. மாமா, இங்க பாருங்க. பதினஞ்சாவதும் பதினேழாவதும் ஒடிஞ்சு, துண்டு இடம் மாறி ஒட்டியிருக்கு. இது பிறப்புல வந்ததில்ல, எலும்பு மஜ்ஜையில பின்னால நடந்தது. இதைக் கண்டதாலதான் இதுக்குன்னே உள்ள மருந்தை டாக்டர் குடுக்காரு. நிறுத்தினா ரத்தம் கசிஞ்சு உயிரே போயிரும்."

சாமி கனைத்தார். "பேரு மாறினதுல கிரகம் குழம்பிப்போச்சு..."

ரெம்யா விடவில்லை. "அப்போ உங்க ஞானக்கண்ணு பேரைத்தான் வாசிக்கு, படத்தை வாசிக்கல்ல. இல்லியா சாமி?"

வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு வரிசையே சிரித்தது. சாமி பூஜையறைக்குள் நுழைந்து தாழிட்டுக்கொண்டார்.

தங்கப்பன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். "மக்களே, ஒருநேர மருந்துகூட விட்டிராத, கேட்டியா?" ஏதோ அவள்தான் நிறுத்தப் பார்த்ததுபோல! ஷீஜா சிரித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினாள். எட்டு மாதச் சிகிச்சைக்குப் பின் எடுத்த பரிசோதனையில் அந்தக் குரோமோசோம் இடமாற்றம் தென்படவில்லை.

சாமி இப்போது வேறோர் ஊரில் டி.என்.ஏ. பார்க்கிறாராம். அங்கும் நல்ல கூட்டமாம். கும்பிடக் கை தூக்கும் புண்ணியவான்களே, அதற்குமுன் ஒரு கேள்வி கேட்க வாயைத் திறந்தால் என்ன? அதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை!