ஒன்பதாம் பெட்டியின் பக்கம் எந்தக் கிளையில்?

கணினிப் பக்கங்களின் சக்கரவர்த்தினியும் என் அக்காவின் கடைக்குட்டியுமாகிய மருமகளுக்கு, பாம்புப் பண்ணை அலுவலகக் கண்காணிப்பாளரும், தற்சமயம் கோப்பு அலமாரியின் உச்சியில் சப்பணம் போட்டு அமர்ந்திருப்பவருமாகிய உன் தாய்மாமன் கைபேசியில் ஒற்றைக் கட்டைவிரலால் எழுதிக்கொள்வது. இந்த வரி வரைக்கும் நான் நலம். உன் நலத்தையும் அக்காவின் முழங்கால் நலத்தையும் உயிரோடு இருந்தால் சாவகாசமாக விசாரிக்கிறேன்.

விஷயம் இதுதான். கீழே ஒரு பாம்பு இருக்கிறது. இருபது அடி நீளம். சரி, எட்டு அடி. உன்னிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது, மூன்று முழம். ஆனால் அது பார்க்கிற பார்வை இருபது அடி. காட்சிக்கூடத்தில் ஒன்பதாம் பெட்டியின் கதவு திறந்து கிடப்பது என் அறைக் கண்ணாடி வழியே நன்றாகத் தெரிகிறது. அதிலிருந்தவர்தான் இப்போது என் நாற்காலிக்குக் கீழே இளைப்பாறுகிறார். நான் போட்ட கூச்சலில் ஓடிவந்த இயக்குநர் அம்மா எட்டிப்பார்த்தார், கதவைச் சாத்தினார், வெளியே தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்.

"என்ன பாம்புன்னு சொல்லுங்க. விஷமில்லாததுன்னா கதவைத் திறக்கறேன்."

"விஷமுள்ளதுன்னா?"

"உங்க வீட்டுக்குத் தகவல் சொல்றேன்."

"அம்மா, நான் பேப்பர் பாக்கறவன். எனக்குப் பாம்பும் பெல்ட்டும் ஒண்ணுதான்!"

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், தொட்டா பதில் வரும்னு போன மாசம் மைக் பிடிச்சுப் பேசினீங்களே? தொடுங்க!"

பாம்புகளைக் கவனிக்கும் பராமரிப்பாளரோ விடுப்பில் எங்கோ போயிருக்கிறார். கூப்பிட்டால் மணி அடிக்கிறது, ஆள் எடுப்பதில்லை. ஆக, என் உயிர் பண்ணைக் கோப்புகளையெல்லாம் ஏற்றி நான் கட்டிய கணினிப் பக்கங்களின் கையில் இருந்தது. நீதானே சொன்னாய்? "மாமா, பக்கத்துக்குப் பக்கம் இஷ்டத்துக்கு இணைப்பு போட்டா பூனை உருட்டின நூல்கண்டு மாதிரி ஆயிடும். மரம் மாதிரி வைங்க. மேல முகப்பு, கீழ கிளைகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு தாய்ப் பக்கம். மூணு தடவை தொட்டா எதுவும் கிடைக்கணும்" என்று. கடைசி வாக்கியம் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் தலைமேல் வைத்துக்கொண்டேன். நான் வளர்த்த மரத்துக்குப் பதினோரு அடுக்கு. கிளை விட்டுக் கிளை தாவுவது ஒழுக்கக்கேடு என்று குறுக்கு இணைப்புகள் அத்தனையையும் ஒரே நாளில் வெட்டி எறிந்தவனும் நானே. இவ்வளவு ஒழுங்கான மரம் உலகத்தில் இன்னொன்று இல்லை என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதலில் 'அவசரம்' என்ற கிளையைத் தொட்டேன். தீ இருக்கிறது, மழை இருக்கிறது, பாம்பு இல்லை. பாம்புப் பண்ணையில் பாம்பு இல்லாத அவசரம்! 'உயிரினங்கள்' கிளையில் தேடினேன்; தீவனத்துக்கு வரும் எலிகளைப் பற்றி நாற்பது பக்கம். உள்ளங்கை வியர்த்துக் கொட்டுகிறது, ஈர விரலைத் திரை மதிக்க மாட்டேன் என்கிறது, சட்டையில் துடைத்துத் துடைத்துத் தொடுகிறேன், கீழே அது நாக்கை நீட்டி அறையை ருசி பார்க்கிறது, வெளியே அம்மா "கிடைச்சுதா, கிடைச்சுதா" என்று ஏலம் போடுகிறார். அப்போதுதான் பொறி தட்டியது. 'வெளியேறுதல்' என்றொரு கிளை வைத்திருந்தேன். பார்வையாளர் வெளியேறுதல், குப்பை வெளியேறுதல், ஊழியர் ஓய்வு பெறுதல், அதற்கும் கீழே, ஏழாவது அடுக்கில், 'பாம்பு வெளியேறுதல்'! திறந்தேன். ஒரே வரி: "எந்தப் பெட்டி திறந்துள்ளது என்று கண்டறிந்து, அப்பெட்டியின் பக்கத்தைப் பார்க்கவும்." அங்கேயிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு உண்டா? கிடையாது. ஏழு அடுக்கும் மேலே ஏறி, முகப்பைத் தொட்டு, மறுபடி 'கட்டடம்', 'தளம்', 'கூடம்', 'சுவர்' என்று இறங்கினேன். இமயமலை ஏறி இறங்கியவனுக்குக்கூட இவ்வளவு மூச்சு வாங்கியிருக்காது.

கடைசியில் வந்தது மருமகளே, ஒன்பதாம் பெட்டியின் பக்கம்! "விஷமில்லை. சுபாவம் சாது. வெதுவெதுப்பான இடத்தை நாடும்."

"சாது!" என்று கத்தினேன்.

"அப்படின்னா நீங்களே பிடிச்சுப் பெட்டியில விட்டுடுங்க" என்று அம்மா தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, நீக்கிய வேகத்திலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

நான் இறங்கினேன். பட்டத்து யானையிலிருந்து இறங்குவதுபோல் இறங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தும்விட்டேன். பாவம், குழந்தை; கொஞ்சம் யோசித்துவிட்டு, மெல்ல ஊர்ந்து வந்து, என் வலது கால் செருப்பின்மேல் சுருண்டு படுத்துக்கொண்டது. பராமரிப்பாளர் வரும்வரை தூங்கட்டும் என்று, இந்தக் கடிதத்தின் கடைசிப் பகுதியைக் காலை அசைக்காமல் பெருமிதத்தோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மரம் என்னைக் காப்பாற்றியது. ஒழுங்கு என்னைக் காப்பாற்றியது. நீ தொட்ட பக்கமெல்லாம் திறக்கவும், திறந்த பக்கத்திலெல்லாம் தேடியது கிடைக்கவும், உன் கிளைகள் தழைத்து ஓங்கவும் மாமனின் ஆசிகள். அக்காவுக்கு என் வணக்கம். தம்பி பாம்பைத் தூங்கவைத்தான் என்று நாலு பேரிடம் சொல்லச் சொல்.

இப்படிக்கு,
அஞ்சா நெஞ்சன், உன் தாய்மாமன்

பின்குறிப்பு: பராமரிப்பாளரை மறுபடி கூப்பிட்டேன், இப்போதுதான் எடுத்தார். நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவரோ, "சார், சாதுவைப் பதினாலுக்கு மாத்தி ஒரு வாரமாச்சு. பதினாலுல இருந்ததைத்தான் ஒன்பதுல விட்டிருக்கேன்" என்றார். "என்கிட்ட ஏன்யா சொல்லலை?" என்றேன். "சொல்றதுக்குன்னு ஒரு பக்கம் இருக்குன்னீங்க சார். மூணு நாள் தேடினேன், அகப்படலை. பதினாலோட பக்கத்தைத் திறந்து பாருங்க" என்றார். காலை அசைக்காமல், விரலாலேயே பதினோரு அடுக்கும் ஏறி இறங்கிப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு எழுத்து. முதல் வரிக்குமேல் படிக்கவில்லை. "காலை எடுக்கலாமா?" என்றேன். "எடுக்காதீங்க. மூச்சையும் பாத்து விடுங்க. இருபது நிமிஷத்துல வரேன்" என்றார். அதற்குத் தரையில் சின்ன அதிர்வு பட்டாலே கோபம் வருமாம். மருமகளே, செய்தி வந்தால் அதிரும் இந்தக் கைபேசி என் வலது முழங்கால்மேல் இருக்கிறது. உன் கால்பிடித்துக் கேட்கிறேன், பதில் மட்டும் அனுப்பிவிடாதே.