புறாவின் தலையில் காந்தம்

இனி என் வீட்டில் புறா இருக்கக் கூடாது. முடிவு செய்துவிட்டேன்.

மொட்டைமாடியில் எனக்கென்று ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு பைனாகுலர், சன்னல் நிறையத் தூத்துக்குடித் துறைமுகம். கப்பல் வருவதைப் பார்ப்பேன். என் மனைவி ஜீவமணி வளர்க்கும் புறாக்கள் என் மேல் எச்சமிடும். பைனாகுலர் மேலும்.

"எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துரு."

"உங்க அறையக் குடுங்க. அதுகளுக்கு இடம் பத்தல."

ரிட்டயரான அறிவியல் டீச்சர். நாசரேத்துக்காரி. வாயில் பள்ளிக்கூட மணி.

"ஏளா, இதுகளால என்ன பிரயோசனம்?"

"எங்க கொண்டு விட்டாலும் வீடு வந்து சேரும். பூமியோட காந்தம் அதுக்குத் தெரியும். உடம்புக்குள்ளயே காம்பஸ்."

நான் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டியவன். காம்பஸ் பக்கத்தில் காந்தம் வைத்தால் கப்பல் மணலில் ஏறும். எனக்குத் தெரியாதா?

"ஒரு புறா தலையில காந்தத்த ஒட்டிக் கொற்கையில விடுதேன். வந்துட்டா என் அறை புறாவுக்கு. வரலன்னா எல்லாப் புறாவும் காலி."

யோசித்தாள். "சரி. வலிக்காம ஒட்டணும். இன்னிக்குப் போவாதீய. மேகமாக் கிடக்கு. நனைஞ்சா உங்களுக்குச் சளி பிடிக்கும்."

கரிசனம். காத்திருந்தேன்.

வெயில் கொளுத்திய நாளில், காந்தம் ஒட்டிய புறாவோடு பஸ் ஏறினேன். கடல் விட்டுப்போன கொற்கை. வயலோரம் நின்று பெட்டியைத் திறந்தேன். கைக்குள் நெஞ்சு படபடத்தது. அதனுடையதா, என்னுடையதா, தெரியவில்லை. மேலே விட்டேன்.

ஒரு வட்டம். இன்னொரு வட்டம். பிறகு வடகிழக்கே, கோடு கிழித்தாற்போல். தூத்துக்குடிக்கு.

அது புள்ளியாகும்வரை பார்த்தேன். ரேடார் இல்லை. வரைபடம் இல்லை. சுண்டைக்காய் மூளை. ஆயுள் முழுக்கக் கடலில் இருந்தும், கருவியைப் பார்க்காமல் நான் அப்படித் திரும்பியதில்லை.

வீடு வந்தேன். புறா கம்பு தின்றுகொண்டிருந்தது. தலையில் காந்தம் அப்படியே.

"ஏளா, எப்படி வந்துச்சு?"

"வெயில் இருந்தா சூரியனப் பாத்து வரும். மேகம் மூடினாத்தான் காந்தத்த நம்பும். அன்னிக்கு விட்டிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீய."

"எனக்கு எப்ப சளி பிடிச்சிருக்கு?"

"அத அன்னிக்கே கேட்டிருக்கணும்."

சாயங்காலம் என் கட்டில் கீழே இறங்கியது. புறாக்கள் குடியேறின. நான் அந்தச் சின்னத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.