காசிக்குப் போகாத காசி அண்ணன்

கல்லில் நார் உரிப்பார் என்று சிலரைச் சொல்வோம். எங்கள் காஜா பேராங் தெருக் காசி அண்ணன் அந்த நாரைக் கயிறாகத் திரித்து, அந்தக் கல்லுக்கே விற்றுவிட்டு வருவார். சும்மா அளக்கிறேன் என்று நினைக்காதீர்கள். வட்டிக்கடை முதலாளி ஒருவரிடம் கோயில் தேருக்கு நன்கொடை வாங்கி, போகிற போக்கில் அவர் கடைக்கே விளம்பரம் பண்ணி, அதற்குத் தனியாகக் கூலியும் வாங்கி வந்தவர் அவர்.

அதுதான் அவர் தொழில். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே துள்ளிக்கொண்டிருந்த காலம். கோயிலா, வாசகசாலையா, பந்து விளையாடும் குழுவா, யாருக்கு நிதி வேண்டுமோ அவர்களிடம் கான்ட்ராக்ட் பேசிக்கொண்டு, தகரத்தைச் சுருட்டிச் செய்த குழலோடு தெருவில் இறங்குவார். அதே நடையில் சோப்புக்கும் சினிமாவுக்கும் விளம்பரம். எல்லாம் ஒரே வாயில் வருவதால் சில சமயம் கலந்துவிடும். "பக்த கோடிகளே! நாளைக்குக் கும்பாபிஷேகம்! மூணே ஆட்டம்தான்! இடைவேளையில நுரை பொங்கும்!" என்று அவர் கத்தியதை என் இரண்டு காதாலும் கேட்டேன். கோயில்காரர்கள் அடிக்கவே வந்துவிட்டார்கள். ஆனால் மறுநாள் கோயிலில் நிற்க இடமில்லை.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. பக்கத்திலிருக்கும் கம்போங் செட்டியில் தமிழ் செல்லாது. பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய செட்டிகள் வீட்டில் பேசுவது ஒரு மாதிரி மலாய். அதனால் அங்கே போய், "காசி! காசி!" என்று கூவுவார். மலாயில் 'கொடு' என்று அர்த்தம்; அதுவே அவர் பெயராகிவிட்டது. அப்போதுதான் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருந்த ஒரு கடைச் சிப்பந்தி இதைக் கேட்டு, யாரோ காசி யாத்திரை போகிறவர் என்று நினைத்துக் கண்கலங்கிப் போனார். சில்லறையோடு ஒரு செம்பையும் அண்ணன் கையில் திணித்து, "கங்கா தீர்த்தம் கொஞ்சம் மறக்காம கொண்டாங்க சாமி" என்று நடுரோட்டில் காலில் விழுந்துவிட்டார். அண்ணன் கூசாமல் ஆசீர்வாதம் பண்ணினார்.

"ஏன் அண்ணே அப்படிப் பண்ணீங்க?"

"விழுந்தவன எழுப்ப வேற வழி தெரியல லா!"

எல்லாம் சரி, வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? கான்ட்ராக்ட் என்பது திருவிழாவுக்குத் திருவிழா வருவது. அவர் மனைவி லெட்சுமி அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வெடித்துவிட்டார். நான் அடுத்த வீடு. எனக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

"தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கான்ட்ராக்ட் கெடைச்சா இங்க இருப்போம். இல்லன்னா எங்க அண்ணன் இருக்குற ரப்பர் தோட்டத்துக்குப் போயி ரெண்டு பேரும் பால்மரம் வெட்டுவோம். இனிமே பேச்சு இல்ல."

காசி அண்ணன் அப்போதே குழலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார்.  

பள்ளிக்கூடத்தின் அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்ட ஊர் முழுக்க நிதி திரட்டும் பெரிய கான்ட்ராக்ட் அது. கமிட்டியில் நானும் ஒருவன். போட்டிக்குச் சிங்கப்பூரிலிருந்து மைக் கட்டிய வேனோடு ஒரு கோட்டுக்காரர் வந்து இறங்கினார். எங்கள் தலைவர் வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து மயங்கிவிட்டார். ஆனாலும் நியாயஸ்தர். "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் காஜா பேராங்கில செஞ்சு காட்டுங்க. யாருக்கு ஜனங்க குடுக்குறாங்கன்னு பாப்போம்" என்றார்.

முதலில் வேன். "பேரன்புமிக்க பெருமக்களே!" என்று மைக் அலறியதுதான் தாமதம், கடைக்காரர்கள் பலகை போட்டு அடைத்தார்கள். மீன் வாங்க வந்தவர் மீனையும் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார். கம்போங் செட்டியில் ஒரு சன்னல் பாக்கியில்லை, எல்லாம் சாத்தியாகிவிட்டது. காரணம் வேறொன்றுமில்லை. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த எமர்ஜென்சி காலத்தில் மைக் வைத்த வண்டி வந்தால் ஊரடங்கு என்று அர்த்தம். எங்கள் பக்கம் ஊரடங்கை எடுத்து வருஷக்கணக்காகியும் ஜனங்களுக்குப் பயம் விடவில்லை. பாவம் கோட்டுக்காரர், ஈ காக்கா இல்லாத தெருவைப் பார்த்து "அள்ளித் தாரீர்!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

காசி அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது. ஆளே இல்லாத தெருவில் அவர் மட்டும் யாரிடம் கேட்பது? திடீரென்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அடேங்கப்பா! ஊரே வீட்டுல இருக்கு லா! ஒருத்தரும் தப்ப முடியாது!"

முதல் கதவைத் தட்டினார். ஒரு செட்டி அம்மா இடுக்கு வழியாக எட்டிப்பார்த்து, "கர்ஃபியூகா?" என்று நடுங்கினார்.

"புக்கான்! செக்கோலா!"

ஊரடங்கு இல்லை, பள்ளிக்கூடம் என்றதும் அந்த அம்மா நெஞ்சில் கைவைத்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில், தமிழே பேசாத அந்த வீட்டிலிருந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கை நிறைய வந்தது. வீட்டுக்கு வீடு அதே கதைதான். தெருக்கோடியில் தலைகுனிந்து நின்ற கோட்டுக்காரரிடம் அண்ணன் போய்க் கும்பிட்டார். "ஐயா, ரொம்ப உபகாரம். தெங்கேரா பக்கமும் ஒரு சுத்து வாங்களேன். நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன். ஒங்க பங்கு ஒங்களுக்கு." கோட்டுக்காரர் கோபிக்கப் பார்த்தார், முடியாமல் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. தலைவருக்கு ஒரு உறுத்தல். "ஜனங்களப் பயமுறுத்தி வாங்குறது முறையா?" என்றார்.

"பயமுறுத்துனது அவரு. சமாதானம் பண்ணுனது நானு. சமாதானத்துக்குத்தானே குடுத்தாங்க?" என்றார் காசி அண்ணன். சொல்லிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் லெட்சுமி அக்கா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"சரி, காசிக்குக் குடுக்கலாம்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர்.

அவர் கத்தலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அவர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தேன்.  மற்றவர்கள் எல்லோரும் ஒரு கை தூக்கினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.