நடு வண்டியில் மீசை

ஹெல்மெட்டுக்குள் மீசை இருந்தது.

லைல் அதன் முகக்கண்ணாடியைக் கீழே இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தான். மீசை அங்கேயேதான் இருந்தது.

"அத்தை, விரல் மரத்துப் போச்சான்னு கேக்க வந்தேன்," என்றான் பலவீனமாக.

"இல்லீங்க, கதகதன்னு இருக்கு," என்றது மீசை. அதன் பெயர் வெண்டல்.

காலையில் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகள் மூன்று கிளம்பியிருந்தன. முன்னால் லைல், நடுவில் மாமியார் சைமி, கடைசியில் நண்பன் டெல். எதிரே வருகிறவர்களுக்கு லைல் இரண்டு விரல் காட்டுவான், பின்னால் இரண்டு வண்டி உண்டு என்று. டெல் மூடிய முஷ்டியைக் காட்டுவான், என்னோடு முடிந்தது என்று. வழியெல்லாம் லைல் பக்கக் கண்ணாடியில் பின்வண்டி விளக்குகளை எண்ணிக்கொண்டே வந்தான். எண்ணிக்கை தப்பவே இல்லை. கணப்புக் குடிசையில் எல்லோரும் காப்பி குடிக்க நின்றபோது இன்னொரு கூட்டமும் அங்கே நின்றது. தள்ளுபடியில் ஊரே வாங்கிய அதே கறுப்பு உடுப்பு, அதே கறுப்பு ஹெல்மெட். அங்கேதான் ஆள் மாறிவிட்டது.

"உங்க கூட்டம் எந்தப் பக்கம் போச்சு?"

"நீள ஏரிப் பக்கம்."

பனிப்பாதை நிலவரத்தைத் தினமும் பனிவண்டிச் சங்கத்துக்காக எழுதிப் போடுவது லைல்தான். ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் பனிக்கட்டி மெலிசு, புதுப்பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஏரிமேல் ஏறாமல் சுற்றிப் போங்கள் என்று இன்று காலையில்தான் எழுதியிருந்தான். சைமி முப்பத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்தை ஒரு கீறல் விழாமல் ஓட்டியவள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மாப்பிள்ளை ஓட்டுவதைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் ஒரே ஒரு 'ம்'. இன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட நினைத்து இரண்டு மைலுக்கு ஒருமுறை நிறுத்தி நலம் விசாரித்தவன், மனுஷியையே தொலைத்துவிட்டான்.

"அவங்க ஏரி மேல போக மாட்டாங்க," என்றார் வெண்டல்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தோணுது. ரொட்டி சாப்பிடறீங்களா? ஏலக்கா போட்டது."

லைல் வாங்கி, என்ன ருசி என்றே தெரியாமல் விழுங்கினான்.

"டெல், நீ குடிசைக்குத் திரும்பிப் போய்ப் பாருடா."

"கூட்டத்தப் பிரிக்கக் கூடாதுன்னு பாடம் எடுக்கறதே நீதான்டா."

"இன்னிக்குப் பாடம் லீவு. போ."

டெல் போனான். லைல் அத்தைக்குப் போன் அடித்துப் பார்த்தான், எடுக்கவில்லை. லைல் ஏரிப் பக்கம் பறந்தான், வெண்டல் மெதுவாகப் பின்னால் வந்தார். முதல் திருப்பத்தில் எதிரே ஒருவர் வர, நிறுத்தி விசாரிக்கலாமென்று கையை விரித்து ஆட்டினான். ஐந்து விரல். பின்னால் ஐந்து வண்டி வருகிறதென்று அவர் அவசரமாக வலப்பக்கம் ஒதுங்கி, கைப்பிடி வரை பொடிப்பனியில் புதைந்தார்.

"எங்கய்யா அஞ்சு வண்டி?"

"வண்டி இல்லீங்க. அத்தையக் காணோம்."

"அதுக்கு அஞ்சு விரலா?"

தோண்டி எடுக்க இருபது நிமிஷம் ஆனது. அந்த நேரம் பார்த்து மனைவி ஐலி போனில் வந்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"பின்னாடியே வர்றாங்க."

"குடு, பேசறேன்."

லைல் வெண்டலைப் பார்த்தான். வெண்டல் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஹெல்மெட் போட்டிருக்காங்க, காது கேக்காது," என்று வைத்துவிட்டான்.

இனி வேகம்தான் வழி என்று முறுக்கினான். கட்டைபோல் இறுகிக் கிடந்த மேடுபள்ளத்தில் வண்டி நாலு முறை குதித்தது. ஐந்தாம் முறை எஞ்சின் பெல்ட் அறுந்து வண்டி நின்றுவிட்டது. மாற்று பெல்ட் டெல்லின் இருக்கைக்கு அடியில் இருந்தது. டெல்லை அனுப்பியவனை லைல் மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினான்.

மிச்ச வழியெல்லாம் வெண்டலின் முதுகைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

"கொஞ்சம் வேகமாப் போங்களேன்."

"பதினஞ்சு மைல் வேகத்துல போறேனே."

"எங்க அத்தை தண்ணிக்குள்ள இருக்காங்களோ என்னவோங்க."

"இருக்க மாட்டாங்க. எனக்குத் தோணுது."

இவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு ஓட்டினால் என்ன என்று லைல் இரண்டு முறை யோசித்தான். ஏரிக்கரை வந்ததும் எழுந்து நின்றே பார்த்தான். ஏரிமேல் ஒரு தடம்கூட இல்லை. கரையைச் சுற்றிப் போன தடங்களின் பின்னாலேயே போகச் சொன்னான்.

அக்கரைச் சாராயக்கடைக்குள் நுழைந்தபோது, சைமி காலித் தட்டுக்கு முன்னால் கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தாள். எதிரே டெல், குடிசையில் ஆள் இல்லையென்று சாலையோரமாக எப்போதோ வந்து சேர்ந்து, இறைச்சி அடைத்துச் சுட்ட இரண்டாவது பேஸ்டியைத் தின்றுகொண்டிருந்தான். லைலுக்கு அழுகை வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"ஏரி மேலயா வந்தீங்க, அத்தை?"

"சுத்தித்தான் வந்தேன். நீ எழுதறத நான் படிக்கறதில்லன்னு நெனச்சியா?"

"வேற கூட்டத்தோட எப்படி..."

"இந்த மண்டையோட்ட மாட்டிக்கிட்டா யாரு யாருன்னு தெரியுது? தப்பு நடந்து போச்சு. ஐலி எனக்கும் போன் பண்ணா. நான் ஹெல்மெட்டோட உன் பின்னாடி வந்துக்கிட்டிருக்கேனாமே. ஆமான்னுட்டேன்."

காப்பி வாங்க எழுந்து போனாள். போகிற போக்கில் வெண்டலைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். வெண்டல் மீசையிலிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டு, லைல் காதருகே குனிந்தார்.

"தப்பெல்லாம் ஒண்ணும் நடக்கல, தம்பி. போன வருஷம் வேகமாப் பறக்கற எங்க கூட்டத்தோட போயி விலா எலும்ப ஒடச்சுக்கிட்டேன்னு குடிசையில சொன்னேன். உங்க அத்தை ரொட்டியக் கையில குடுத்து, 'நீ என் மாப்ள பின்னாடி போ, இந்த ஊர்ல கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்னா அவன் ஒருத்தனத்தான், ஆனா எனக்கு இன்னிக்கு ஒரு நாளாவது அறுபது மைல் வேகத்துல போகணும்'னு எடத்த மாத்திக்கிட்டாங்க."