பூண்டிக்குப் போய்ப் போர்வை பிழிந்த கதை

கல்யாணப் பேச்சில் அம்மாக்கள் சொல்லும் பொய்களுக்குத் தண்டனை அனுபவிப்பது பிள்ளைகள்தான். என் அம்மா சொன்னது சின்னப் பொய். கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஜெரால்டின் அப்பா, பழைய கோட்டை, கல்வெட்டு என்று அலைகிறவர். அதைக் கேட்டதும் அம்மா, "எங்க ஸ்டெல்லாவுக்கும் சரித்திரம்னா உசுரு" என்று சொல்லிவிட்டாள். (பத்தாம் வகுப்பில் என் உயிரை எடுத்ததே சரித்திரம்தான்.)

ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அப்ப ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எல்லாரும் பூண்டிக்குப் போலாம்மா. கற்கால மியூசியம் ஒண்ணு கீது."

ஜெரால்டை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால் உண்மையைச் சொல்லவில்லை. கையிலிருந்த மூன்று நாளில் நடுகற்களைப் பற்றி ஒரு கட்டுரையை மனப்பாடம் செய்தேன். போரில் செத்த வீரனுக்கு நடும் கல், அதில் அவன் உருவம், கையில் வாள். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சரித்திரம் போதாதா?

போதவில்லை. நான் போய்ப் பார்த்த அறையில் ஒரு நடுகல்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கற்கோடரிகள். எங்கள் தெருவில் ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக்கும் அவற்றுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

"இதப் பத்தி இன்னாம்மா சொல்ற?" என்றார் ஜெரால்டின் அப்பா.

"ரொம்பப் பழசு, அங்கிள்."

"அப்ப இது?"

"இது அதவிடப் பழசு."

ஐந்தாவது பெட்டியோடு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். ஜெரால்டின் அம்மா என் அம்மாவைப் பார்த்தார். என் அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

கல்யாணம் கைநழுவிக்கொண்டிருந்தது. வெளியே வந்து டீக்கடை தேடிப் பக்கத்துத் தெருவில் நடந்தபோதுதான், ஒரு வீட்டுப் பக்கத்தில் சாய்ந்து கிடந்த அந்த அகலமான கல் கண்ணில் பட்டது. மேலெல்லாம் உளி வெட்டு.

"அங்கிள்! நடுகல்!" என்று கத்தினேன்.

மூன்று நாள் படிப்பும் மடை திறந்து கொட்டியது. இதோ வீரனின் தோள், இதோ ஓங்கிய வாள், இந்தக் கோடெல்லாம் எதிரி எய்த அம்பு. (அம்பு கட்டுரையில் இல்லை. அந்த நேரத்து ஆவேசம்.) அங்கிள் செருப்பைக் கழற்றினார். பழக்கதோஷத்தில் சிலுவையும் போட்டுக்கொண்டார். ஆன்ட்டி தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக் கல்மேல் வைத்தார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் பக்கெட்டோடு வந்தார்.

"யார்மா நீங்க? கொஞ்சம் நவுருங்க. போர்வை ஊறிகினு கீது."

பூச்சரத்தை எடுத்து ஆன்ட்டி கையில் கொடுத்துவிட்டு, வீரனின் மார்பில் போர்வையை ஓங்கி அடித்தார்.

அங்கிள் பலவீனமான குரலில் கேட்டார்: "இந்தக் கோடெல்லாம்..?"

"எங்க ஊட்டுக்காரு கொத்துனது. துணி வழுக்கிகினே போச்சு, அதான்."

பூண்டி ஏரி பக்கத்தில்தான் இருந்தது. குதித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டார். "சும்மாதானே நிக்கிற, இந்த முனையப் புடி." மறுமுனையை ஜெரால்ட் வந்து பிடித்துக்கொண்டார். இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினோம். தண்ணீர் அவர் பேண்டெல்லாம் கொட்டியது.

"எனக்கு சரித்திரம் தெரியாது," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"எனக்கு மியூசியம்னாலே தூக்கம் வரும். இதுவரைக்கும் அப்பாகிட்ட சொன்னதில்ல," என்றார் அவர், ரகசியமாக.

பின்னால் ஒரு சத்தம். அங்கிள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, அந்த அம்மாளே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. திரும்பும் வழியிலேயே, "கோயில்ல கல்யாண ஓலை எப்ப வாசிக்கலாம்?" என்று என் அம்மாவிடம் கேட்டுவிட்டார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. போன மாதம் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. காலையில் துணி போடப் போனேன். மூடியின்மேல் மாமனாரின் மணிமணியான கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது:

"நடுகல். வீரன் பெயர் தெரியவில்லை. விளக்கத்திற்கு மருமகளை அணுகவும்."