வலது கண் மீது ஒரு புகார்

ஸ்ரீரங்கம்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. தாயுமானவன் அவர்களுக்கு,

சிவராமன் எழுதுவது. இங்கே தங்கள் அக்கா அகிலாண்டம் முழு நலம், நான் ஒரு கண் நலம். அங்கே கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் தலைக்கு இரண்டு கண்ணும் நலமாக இருக்க மலைக்கோட்டைப் பிள்ளையாரை வேண்டுகிறேன். "அன்புள்ளன்னு போடுங்க" என்று அகிலாண்டம் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள். ஏழு வருஷமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாதவர்களுக்கு மதிப்பிற்குரிய போதும் என்று சொல்லிவிட்டேன். போனில் பேசினால் என்ன என்கிறாள். வாய்ப்பேச்சுக்கு ரெக்கார்டு கிடையாது. முப்பத்தாறு வருஷம் ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான், எழுத்தில் இல்லாத எதையும் நம்பியதில்லை.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன் என் வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. உள்ளே இருந்த சொந்த லென்ஸை எடுத்துவிட்டு ஒரு செயற்கை லென்ஸை வைத்தார்கள். அதில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை இடது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தக்க விளக்கம் வராமல் இடது கண்ணில் கைவைக்க விடமாட்டேன் என்று நான் சொல்ல, தள்ளிப்போட்டால் புரை கெட்டியாகி வேலை கஷ்டமாகிவிடும் என்று அவர்கள் சொல்ல, உங்க அக்காவுக்கும் எனக்கும் மூன்று நாளாகச் சண்டை. எனவே தாங்கள் தேர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செய்தவனுக்கும் வாங்கினவனுக்கும் தகராறு வந்தால் வெளியாள் ஒருவர் வந்து பார்த்துச் சொல்வது நம் ஃபேக்டரி வழக்கம்தானே. வெல்டர் என்பதால் தங்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. எனக்கும்தான் இருந்தது. அந்த டெஸ்டில் நான் ஒரு வருஷம்கூட ஒரு எழுத்து தவறவிட்டதில்லை. பதினோரு வருஷம் அதே அட்டைதான், கடைசி வரியை இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்வேன்.

முதல் சந்தேகம் கட்டு பிரித்த அன்றே வந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் ஹால் சுவர் பளீரென்று லேசான நீலம் கலந்த வெள்ளை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பழையபடி இளமஞ்சள். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நேரமாகப் பார்த்து என்னைக் கேட்காமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா வஹீதாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "நாலு வருஷமா அடிச்சுத் தாங்கன்னு நீங்கதானே கேட்டுக்கிட்டிருக்கீங்க, நான் எங்க அடிச்சேன்" என்றார். அதோடு விட்டேனா, மறுநாள் பால் வந்தது. இடது கண்ணுக்கு நல்ல கெட்டிப் பால், வலது கண்ணுக்குத் தண்ணீர் கலந்த நீலப் பால். பால்காரரை நிற்கவைத்துக் கேட்டேன், அவர் நாலு வீட்டுப் பாலை வரிசையாக ஊற்றிக் காட்டினார், நாலும் நீலம், அப்போ தெரு முழுக்க ஏமாத்தறீங்களான்னு கேட்டுட்டேன். இப்போ நம்ம வீட்டுக்குப் பால் வரதில்லை, உங்க அக்கா பால் பூத்துக்கு நடக்கறா. வேட்டி விஷயத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் எட்டு முழ வேட்டி ஒன்று வலது கண்ணுக்குப் புதுசு மாதிரி தெரிய, இஸ்திரிக் கடையில் வேறு யாருடையதோ மாறிவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, நம் பக்கம் தப்பு இருக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியிலேயே போய்க் கேட்டேன். அங்கே கண் டெஸ்ட் செய்கிற பெண், பெயர் சுஜா, பொறுமையான பெண். கண் எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டுச் சொன்னது. வெளிச்சம் முதலில் கருவிழி மேல் இருக்கும் கண்ணாடி மாதிரியான சவ்வில் படுகிறதாம், வளைக்கிற வேலையில் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடுகிறதாம். அப்புறம் நடுவில் இருக்கிற ஓட்டை வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி சுருங்கி விரிகிறதாம். அதற்குப் பின்னால் லென்ஸ். அது கிட்டத்தில் பார்க்கும்போது உப்பிக்கொள்ளும், தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகும், அப்படித்தான் வெளிச்சத்தைக் கண்ணின் பின்சுவரில் கூராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். "உள்ளே வெச்ச லென்ஸ் உப்புமா?" என்றேன். "அது உப்பாது சார், படிக்கக் கண்ணாடி போட்டுக்கணும்" என்றது. ஆக, அசைகிற ஒரிஜினல் பார்ட்டை எடுத்துவிட்டு அசையாத பார்ட்டை மாட்டியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாயாலேயே ஊர்ஜிதமானது. அதைவிடப் பெரிய விஷயம், பின்சுவரில் விழுகிற படம் தலைகீழாகத்தான் விழுமாம். மூளை அதைத் திருப்பி நிமிர்த்திக்கொள்ளுமாம். திருப்பினதைச் சரிபார்ப்பது யார் என்று கேட்டேன். யாரும் இல்லையாம். இன்ஸ்பெக்‌ஷனே இல்லாத ஒரு ஸ்டேஜ், அதுவும் கடைசி ஸ்டேஜ், இதை வைத்துக்கொண்டு அறுபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

நம்பாமல் வீட்டில் சோதித்தேன். ரூமை இருட்டாக்கி, ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்து, பூதக்கண்ணாடியைச் சுவருக்குக் கிட்டத்தில் பிடித்தால், ராஜகோபுரம் சின்னதாக, கலரோடு, தலைகீழாகச் சுவரில் வந்து விழுகிறது. உங்க அக்கா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோபுரத்தைத் தலைகீழா பார்த்தா பலன் உண்டாங்க?" என்றாள். இந்த வீட்டில் எனக்கு உதவி இவ்வளவுதான்.

இன்னொன்று. என்னோடு அன்று பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மாதவன் என்பவருக்கு வைத்த லென்ஸின் நம்பர் பத்தொன்பது. ஆஸ்பத்திரியில் கொடுத்த என் லென்ஸ் கார்டில் இருபத்திரண்டு. அவருடையதை எனக்கு வைத்துவிட்டார்களோ என்று அம்மா மண்டபம் ரோட்டில் அவர் வீட்டைத் தேடிப்பிடித்துப் போனேன். "அவங்கவங்க கண்ணு நீளத்தை அளந்து போடறாங்க சார், செருப்பு சைஸ் மாதிரி. எனக்கு நல்லாத் தெரியுது, நீங்க சும்மா கிளப்பிவிடாதீங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். கடைசியில் சுஜாவையே மடக்கினேன். சுவர் வெள்ளையா மஞ்சளா, ஒரே வார்த்தையில் சொல்லும்மா என்றேன். "வெள்ளைதான் சார். வயசாக ஆக ஒரிஜினல் லென்ஸ் மஞ்சளாயிடும். உங்க இடது கண்ணுதான் எல்லாத்தையும் மஞ்சளாக் காட்டுது" என்றது. என் கண்ணில் என்னம்மா குறை என்றேன். அது அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டது.

இது எனக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று தங்களுக்குத்தான் புரியும். பழசைக் கிளற எழுதவில்லை. ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருஷம், தாங்கள் ஹை கிரேடு வெல்டர் டெஸ்டுக்கு ஒட்டிக் கொடுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு என் மேஜைக்கு வந்தது. ஒட்டின இடத்தின் ஓரம் வெள்ளி நிறமாக இருந்தால் பாஸ், வைக்கோல் நிறம் ஓடியிருந்தால் சூடு மீறிவிட்டது, ஃபெயில். எனக்கு வைக்கோல் தெரிந்தது. "நல்லாப் பாருங்கத்தான், வெள்ளியாத்தான் இருக்கு" என்றீர்கள். மச்சினன் என்று விட்டுக்கொடுத்தான் என்ற பேர் வரக்கூடாது என்று இன்னும் கறாராகப் பார்த்தேன், வைக்கோல்தான். சிவப்புப் பெயிண்டில் குறுக்குக் கோடு போட்டேன். தங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் ஃபோர்மேன் ஆனார்கள். அன்று சாயங்காலம் தாங்கள் வீட்டுக்கு வந்து, "நீங்களே வெச்சுக்கங்க" என்று தட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, அக்கா போட்ட காபியைக்கூடத் தொடாமல் போனீர்கள். அது இப்போது மாவடு ஜாடி மூடி மேல் எடைக்கு இருக்கிறது. நான் அன்று பார்த்தது சரி என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. எனவே வந்து, வலது கண் பொய் சொல்கிறது என்று எழுத்தில் தரவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும். எல்லார் கண்ணும் கண்ணாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்கா வீட்டுக்காரர்,
சிவராமன்.

பி.கு.: கையெழுத்துப் போட்டு முடித்ததும், ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க உங்க அக்கா ஜாடி மேலிருந்த தட்டைத் துடைத்து எடுத்துவந்து இந்தக் கடிதத்தின் மேல் வைத்தாள். வேணும்னே வெச்சாளோ என்று எனக்குச் சந்தேகம். வெள்ளைத் தாள் மேல் தட்டு. வலது கண்ணை மூடினேன், வைக்கோல். இடது கண்ணை மூடினேன், வெள்ளி. வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தேன். வெள்ளிதான். சுஜாவுக்குப் போன் போட்டு, இந்த மஞ்சள் எத்தனை வருஷமாம்மா ஏறியிருக்கும்னு கேட்டேன். "பத்து வருஷம்கூட இருக்கும் சார், கொஞ்சம் கொஞ்சமா ஏறும், அவங்களுக்கே தெரியாது" என்றது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கண் டெஸ்ட் அட்டையை நான் எங்கே பார்த்தேன், பதினோரு வருஷமும் மனப்பாடமா ஒப்பிச்சேன்.

மேலே எழுதின புகார் மொத்தமும் ரிஜெக்ட். தட்டுல இருந்த சிவப்புக் குறுக்குக் கோட்டைத் தின்னர் போட்டுத் துடைச்சிட்டேன். எனக்கு ரொம்ப வெட்கமா இருக்கு தாயுமானவா. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு இடது கண்ணு. வலது கண்ணுல இருந்த மஞ்சள் லென்ஸை ஏற்கனவே எடுத்துப் போட்டுட்டாங்க, இது ஒண்ணுதான் மிச்சம். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டுப் போ. உன்னை ரிஜெக்ட் பண்ணினது அதுதான்.